அரக்கு என்றால் என்ன நிறம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்களுக்குக் கைத்தறிச் சேலை வியாபாரம். செட்டிநாட்டுப் பருத்திச் சேலையான கண்டாங்கிதான் முக்கியம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, கீழே ‘அரக்கு’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், பத்து நிமிஷத்தில் கேள்விகள் வரிசை கட்டிவிடும். மெரூனா? சிவப்பா? பிரவுனா? ‘அரக்கன் கலரா?’ என்று சிரிப்புப் பொம்மை போட்டுக் கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் இங்கே மொத்தமாக.

ஒரே வரியில் சொல்லுங்கள், அரக்கு என்ன நிறம்?

பழுப்பு ஏறிய அடர் சிவப்பு. நீலம் துளியும் கலக்காதது. ஒரே வரி என்றால் இவ்வளவுதான் வரும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

அரக்கு முதலில் ஒரு பொருள், அப்புறம்தான் நிறம். சந்தனம், குங்குமம், கத்தரிப்பூ மாதிரிதான் இதுவும். ஆனால் சந்தனமும் கத்தரிப்பூவும் இன்றும் கண்ணில் படுகின்றன. அரக்குக் கட்டியைப் பார்த்தவர்கள் குறைந்துபோனதால், பெயர் மட்டும் தனியே நிற்கிறது. குழப்பமெல்லாம் அதனால்தான்.

புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும். குடித்துக்கொண்டே தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து மூடிக்கொள்ளும். கிளை முழுக்கப் பொருக்குத் தட்டினாற்போல அது படர்ந்துவிடும். கொம்போடு சேர்த்து வெட்டி எடுப்பதால் அதற்குக் கொம்பரக்கு என்று பெயர். சுரண்டிக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவல் போலச் சில்லுச் சில்லாக வரும், அது அவலரக்கு. இந்தியாவில் இது அதிகம் விளைவது ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம். ராஞ்சிக்கு அருகில் இதற்கென்றே 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிசினின் சொந்த நிறம் தேன் நிறம். சிவப்பு, பூச்சியின் உடம்பிலிருந்து வருவது. கழுவிக் கழுவிச் சிவப்பை எடுத்துவிட்டால் பிசின் தேன்பாகு மாதிரி ஆகிவிடும். கழுவி எடுத்த சாயத்தைத் தனியே பட்டில் ஏற்றினால் ரோஜாச் சிவப்பிலிருந்து ஊதா வரைக்கும் போகும். இரண்டும் பிரியாமல் ஒன்றாகக் கிடக்கும் கட்டியைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் நிறத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதனால்தான் அரக்கில் சிவப்புக்கு அடியில் ஒரு தேன் பழுப்பு இருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

நேரில் பார்த்ததே இல்லை. கட்டி எப்படி இருக்கும்?

எனக்கு எட்டு ஒன்பது வயதில், எங்கள் தெருமுனையில் ஒரு பத்தர் நகை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன். நகையில் கொத்துவேலை செய்யும்போது அது நகராமல் இருக்க, ஒரு கட்டையின் தலையில் அரக்கை இளக்கி ஒட்டி, அதில் நகையைப் பதித்துக்கொள்வார். விளக்குச் சுடரைக் குழலால் ஊதி அரக்கின் மேல் திருப்பினால் முதலில் ஒரு மினுமினுப்பு வரும். அப்புறம் விளிம்பு வளையும், சொட்டத் தொடங்கும். சொட்டும்போது நல்ல சிவப்பு. ஆற ஆறக் கறுத்து, கடைசியில் கட்டை மேல் கிட்டத்தட்டக் காபிக்கொட்டை நிறத்தில் உறைந்துவிடும். அவர் தூக்கிப் போடும் சில்லை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடிப்பேன். நடுவில் ஒளி புகாது. ஓரத்தில், நகம் அளவுக்கு மெலிந்த இடத்தில் மட்டும், உள்ளே கங்கு இருக்கிற மாதிரி ஒரு சிவப்பு தெரியும். அதுதான் எனக்கு அரக்கு. வாடை மட்டும் ஆளைத் துரத்தும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வயது தாண்டியவர்கள் தபாலாபீஸில் பார்த்திருக்கலாம். காடாத் துணியில் தைத்த பார்சலின் தையல் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறும் முன் முத்திரையை அழுத்துவார்கள். தேர்தலில் வாக்குப் பெட்டிக்கு வைக்கும் அரக்கு முத்திரையும் இதே வகைதான்.

மெரூன் என்பதும் அரக்கு என்பதும் ஒன்றுதானே?

பெரும்பாலான ஜவுளிக் கடைகளில் இன்றைக்கு ஒன்றுதான். ‘அரக்கு காட்டுப்பா’ என்றால் மெரூனை எடுத்துப் போடுவார்கள், மெரூன் கேட்டால் அரக்கு வரும். ஊர் முழுக்க அப்படிச் சொல்லும்போது அதைத் தப்பு என்று நான் சண்டைக்குப் போக முடியாது.

ஆனால் என் கடையில் இரண்டும் வேறு தட்டு. மெரூன் என்ற சொல் பிரெஞ்சில் செஸ்ட்நட் என்கிற கொட்டையின் பெயரிலிருந்து வந்தது. கொட்டை நல்ல பழுப்புதான். இப்போது ஆலையில் மெரூன் என்று வரும் நூலைப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒயின் பக்கம் சாய்ந்திருக்கும், நீலம் தட்டும். வாடாமல்லிப் பூவை அதன் பக்கத்தில் வைத்தால் சொந்தக்காரன் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அரக்கின் பக்கத்தில் வாடாமல்லியை வையுங்கள், இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அரக்குக்குப் பக்கத்தில் வெல்லக்கட்டியை வைத்தால் சேரும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நீங்களே தப்பு செய்ததில்லையா?

செய்தேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு அக்கா, அவர் அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அரக்குக் கண்டாங்கி கேட்டார். ராத்திரி எட்டு மணி, கூரியர் எடுக்க வந்தவன் வாசலில் நிற்கிறான். ட்யூப் லைட் வெளிச்சத்தில் கையில் கிடைத்ததை மடித்துக் கட்டி அனுப்பிவிட்டேன். நான்கு நாள் கழித்து ஒரு படம் வந்தது. ஒரு பக்கம் நான் அனுப்பிய சேலை, இன்னொரு பக்கம் அவர் அப்பத்தாவின் பழைய சேலை. கீழே ஒரே வரி: “தம்பி, இதில் எது அரக்கு?” பழையது பக்கத்தில் இல்லாவிட்டால் என்னுடையதும் அரக்கு மாதிரித்தான் தெரிந்திருக்கும். பக்கத்தில் வைத்ததும் ஊதா வெளியே வந்துவிட்டது. பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தறியில் பாவு (நீளவாக்கு நூல்) போட்டுப் புதிதாக நெய்து அனுப்பினோம். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து பகல் வெளிச்சத்தில், முற்றத்தில் விரித்துப் பார்க்காமல் எந்தச் சேலையும் கட்டுக்குள் போவதில்லை.

போனில் பார்க்கும் நிறத்தை நம்பலாமா?

சிவப்பு விஷயத்தில் போன் கேமரா கொஞ்சம் உளறும். அடர் சிவப்பை ஒன்று பளிச்சென்று கொளுத்திவிடும், இல்லாவிட்டால் கறுப்பில் தள்ளிவிடும். உங்கள் திரை வேறு தன் பங்குக்கு ஒன்று செய்யும். கணினியில் மெரூனுக்கு 800000 என்று ஓர் எண் இருக்கிறது. அரக்குக்கு அப்படி யாரும் எண் போடவில்லை, போட்டாலும் நூலுக்கு அது பொருந்தாது.

நான் செய்வது இது. சேலையின் மேல் ஒரு வெள்ளைத் தாளும் ஒரு கட்டி வெல்லமும் வைத்துப் படம் எடுக்கிறேன். தாள் உங்கள் திரையில் வெள்ளையாகவும் வெல்லம் வெல்லம் மாதிரியும் தெரிந்தால், சேலையும் ஏறக்குறையச் சரியாகத் தெரிகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது வெல்லத்தை எறும்பு வராமல் எடுத்து வைப்பதே அவர்கள்தான்.

நேரில் வாங்கினால் பகல் பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் அரக்கு பிரவுன் ஆகிவிடும். பொழுது மசங்கும் நேரத்தில் கறுப்பாகவே தெரியும், மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு முதலில் தவறிப்போவது சிவப்புதான்.

குங்குமம், காவி, செங்கல் நிறங்களிலிருந்து எப்படிப் பிரிப்பது?

குங்குமச் சிவப்பு வெளிச்சமானது, தூரத்திலிருந்தே கூப்பிடும். செங்கல் நிறத்தில் ஆரஞ்சும் கொஞ்சம் சாம்பலும் இருக்கும், பளபளப்பு இருக்காது. காவி மண் நிறம். மாதுளை ரோஸ் பக்கம் போகும். அரக்கு இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. பத்தடியில் அமைதியாக இருக்கும், கிட்டே வந்தால்தான் சிவப்பு பேசும். குங்குமம் கறுத்தால் அரக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கறுப்பைச் சேர்த்தால் செத்த சிவப்புதான் கிடைக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு சேர வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு அரக்கா?

இல்லை, செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் அந்தக் கல்லின் சிவப்பு காவி. இரும்பு ஆக்சைடு கலந்த சிமெண்ட் கலவையைக் கண்ணாடி மேல் ஊற்றி வார்க்கிறார்கள், சூளையில் சுடுவதே இல்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து ஐம்பது வருஷம் ஆன தரை அரக்கை நோக்கி வரும் என்பது மட்டும் உண்மை. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், சாப்பாட்டுப் பந்தி போடும் இடத்தையும், யாரும் மிதிக்காத மூலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்டாங்கியில் ஏன் அரக்கு இவ்வளவு பிரபலம்?

பழைய செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு நிறங்கள் கொஞ்சம்தான்: அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு. கட்டமோ கோடோ, இரண்டு பக்கமும் அகலக் கரை, கனமான பருத்தி. உள்பாவாடை இல்லாமல், பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரிக் கட்டுவார்கள். பெரிய வீட்டில் முகப்புக்கும் அடுப்படிக்கும் ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கிற உடுப்பு. செம்மண் புழுதி அரக்கில் தெரியாது. குழம்புக் கறை தெரியாது. மஞ்சள் பட்டாலும் பாதி மறைந்துவிடும். அழகைப் பற்றி ஆயிரம் பேசலாம், என் கணக்கில் கறை தாங்கியதுதான் முதல் காரணம். மஞ்சளும் கறுப்பும் பக்கத்தில் வந்தால் அரக்கு எடுத்துக்கொடுக்கும் என்பது இரண்டாவது.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் பச்சை, நீலம், ராமர் பச்சை, பிஸ்தா எல்லாம் வந்துவிட்டன. வரட்டும், விற்கத்தானே செய்கிறோம். ஆனால் கடைக்கு வரும் ஆச்சிமார் இன்னும் முதலில் தொட்டுப் பார்ப்பது அரக்கைத்தான்.

அப்படியானால் சேலையின் சாயம் பூச்சியிலிருந்து வருகிறதா? நாங்கள் சுத்த சைவம்.

பயப்பட வேண்டாம். அரக்குச் சாயம் பட்டிலும் கம்பளியிலும் நன்றாகப் பிடிக்கும், பருத்தியில் லேசில் பிடிக்காது. பருத்தியைச் சிவப்பாக்க அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் சாயவேர் இருந்தது. இம்பூறல் என்றும் சொல்வார்கள், செடியின் வேரைத் தோண்டி எடுத்துச் சாயம் காய்ச்சுவார்கள். 1868-இல் ஜெர்மனியில் அதே வகைச் சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு வேர் தோண்டும் தொழில் படிப்படியாகப் படுத்துவிட்டது. இன்றைய கண்டாங்கியில் இருப்பது ரசாயனச் சாயம். அரக்கு என்பது அதில் நிறத்தின் பெயர் மட்டும்.

சொல்லப் போனால் பூச்சி அரக்கைச் சேலையில் தேடுவதைவிட வாயில் தேடலாம். சில மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேலே பளபளப்புக்குப் பூசுவது அவலரக்குதான். உறையில் 904 என்ற எண் இருந்தால் அது இதுதான். தேக்குக் கதவுக்கு ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கும் பழைய பாலிஷும் இதே சரக்கு.

சிவப்புப் பாவில் கறுப்பு ஊடை விட்டால் அரக்கு வருமா?

வரும், ஒரு மாதிரியான அரக்கு. பாவு சிவப்பு, ஊடை (குறுக்கு நூல்) கறுப்பு என்று நெய்தால் துணி அசையும்போது இரண்டும் மாறி மாறித் தெரியும். நல்ல தறிக்காரர் கையில் அது பிரமாதமாக இருக்கும். ஆனால் முன்னே சொன்னேனே, கறுப்பு சேர்ந்தால் தேன் பழுப்பு வராது. ஊடைக்கு அடர் பழுப்பு நூல் விட்டுப் பாருங்கள் என்பேன். பாவும் ஊடையும் ஒரே அரக்கில் சாயமேற்றி நெய்ததுதான் பழைய முறை.

பழைய இலக்கியத்தில் இந்தச் சொல் நிறமாக வருகிறதா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. அகநானூற்றின் 14-ஆம் பாட்டு “அரக்கத்து அன்ன செந்நிலப் பெருவழி” என்றுதான் தொடங்குகிறது. அரக்கைப் போன்ற செம்மண் பெருவழி. அந்த வழியில் வாடிய நீலக் காயாம்பூ உதிர்ந்து கிடக்கிறது, நடுவே சிவப்பு வெல்வெட் மாதிரித் தம்பலப்பூச்சிகள் ஊர்கின்றன. நீல மணியும் பவளமும் கலந்தாற்போல இருக்கிறது என்கிறார் கவிஞர்.

பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார். எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் ஒக்கூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதே ஒக்கூர்தான் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ரொம்ப நாள் எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் செம்மண் காய்ந்து கிடக்கும்போது அரக்கு மாதிரி இருக்காது, காவி மாதிரித்தான் இருக்கும். ஒரு ஐப்பசி மழையில் கானாடுகாத்தானிலிருந்து வண்டியில் வந்தபோதுதான் விடை கிடைத்தது. மழை விட்டு அரைமணி நேரம். சாலையோர மண் நனைந்து, மேலே தண்ணீர் மினுங்க, அடியில் பழுப்பும் மேலே சிவப்புமாகக் கிடந்தது. பத்தர் கட்டையில் உறைந்த அரக்கு அப்படியே. தம்பலப்பூச்சி மழைக்குத்தானே வெளியே வரும்? பாட்டில் பூச்சி இருக்கிறது என்றால் மண் ஈரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

அரக்கு மாளிகை என்கிறார்களே, அது இந்த அரக்கா?

இதே அரக்குதான். பாரதத்தில் பாண்டவர்களை வாரணாவதத்தில் குடிவைத்து எரிக்கக் கட்டிய வீடு. அரக்கு சட்டென்று பற்றிக்கொள்ளும், உருகி ஓடி நெருப்பைப் பரப்பும். கதையில் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கலித்தொகையில் ஒரு பாட்டும் இந்த எரிந்த அரக்கு வீட்டை உவமையாகச் சொல்கிறது.

அரக்கன் என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததா?

இல்லை. அது ராட்சசன் வழியில் வந்த சொல், ஒலி மட்டும்தான் ஒற்றுமை.

இலங்கை நண்பர் அரக்கு என்றால் சாராயம் என்கிறார்.

சிங்களத்தில் அப்படித்தான். அது அரக் என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது, வியர்வை என்பது மூலப் பொருள். வடிக்கும்போது சொட்டுச் சொட்டாக வருவதால் அந்தப் பெயர். அந்த நண்பருக்கு ‘உனக்கு ஒரு அரக்கு எடுத்து வைத்திருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பும்போது மட்டும் யோசித்து அனுப்புங்கள். அரக்குப் பள்ளத்தாக்குக் காபி என்று வருவது ஆந்திராவில் ஓர் ஊரின் பெயர்.

அரக்கு சேலையா, அரக்குச் சேலையா?

எழுத்தில் அரக்குச் சேலை, அரக்குப் பட்டு, அரக்குக் கரை, அரக்குத் துணி. ‘க்கு’ என்று வன்தொடர்க் குற்றியலுகரமாக முடிவதால் பின்னால் வல்லினம் மிகும். அரக்கு நிறம், அரக்கு முந்தி என்று வரும்போது ஒன்றும் மிகாது. சிலர் ‘அறக்கு’ என்று எழுதுகிறார்கள், அதற்கு அறமும் இல்லை, அரக்கும் இல்லை.

பேச்சில் எப்படிச் சொல்வார்கள்?

பெரும்பாலும் நிறம், கலர் என்ற சொல்லே சேராமல் தனியாக வரும். “இதே கட்டம் அரக்குல இருக்கா தம்பி?” “அரக்கு வேணாம், போன பொங்கலுக்கு எடுத்தாச்சு.” “ஒடம்பு அரக்கு, கரை கடுகு, எடுத்துப் போடு.” சேலையின் நடுப்பகுதிதான் ஒடம்பு. ‘அரக்கான’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அரக்கடிச்ச மாதிரி’ என்றால் முழு அரக்கு இல்லை, அந்தப் பக்கம் சாய்கிறது என்று பொருள். ‘நல்ல அரக்கு’ என்றால் அடர்த்தி, ‘வெளிறின அரக்கு’ என்றால் துவைத்துப் போனது, அல்லது வாங்க மனசில்லை என்பதை நாசூக்காகச் சொல்கிறார்கள்.

நகைக்குள் அரக்கு இருக்கிறது என்கிறார்களே?

இருக்கும். கல் நகைகளில் கல்லுக்கு அடியிலும், உள்ளே கூடாகச் செய்யும் நகைகளில் வயிற்றுக்குள்ளும் அரக்கு அடைப்பார்கள். நசுங்காமல் தாங்கும், கல்லும் ஆடாது. விற்கப் போனால் கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சண்டையே வரும். வாங்கும்போதே அரக்கு எடை எவ்வளவு என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். இன்னொன்று, அரக்கு வைத்த நகையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கழுவாதீர்கள். சூட்டில் இளகிக் கல் நகர்ந்துவிடும்.

பர்மாவிலிருந்து வந்த சிவப்புப் பெட்டிகளும் அரக்கு வேலைதானா?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், வட்ட வட்டமாக, மூடியோடு, கறுப்பும் சிவப்புமாக இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கின்றன. அரக்குச் சாமான் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், நிறத்தைப் பார்த்தால் பொருத்தமும்தான். ஆனால் சரக்கு வேறு. பர்மாவில் மூங்கிலைப் பின்னி, அதன் மேல் ஒரு மரத்தின் பாலைப் பல தடவை பூசிக் காயவைக்கிறார்கள். அந்தப் பால் காய்ந்தால் கறுப்பு. சிவப்புக்குச் சாதிலிங்கம் என்ற சிவப்புக் கனிமப் பொடியைச் சேர்ப்பார்கள். பூச்சிக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. பகானில் இன்றும் அந்த வேலை நடக்கிறது.

கல்யாணத்துக்கு அரக்கு கட்டலாமா? யாருக்குப் பொருந்தும்?

தாராளமாக. பல வீடுகளில் கூறைப்புடவையே அரக்கில்தான் எடுக்கிறார்கள். நிறம் யாருக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ‘கறுப்பா இருக்கிறவங்களுக்கு அரக்கு எடுக்காது’ என்று யாரோ எப்போதோ சொன்னதை இன்னும் தாய்மார்கள் பெண்களிடம் சொல்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலில் உழைத்த முகங்களுக்கு அரக்கு பொருந்துகிற மாதிரி வேறு எதுவும் பொருந்தி நான் பார்த்ததில்லை. கரைக்குக் கடுகு மஞ்சள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பாசிப்பச்சையும் நன்றாக இருக்கும். ரோஸ் கரை மட்டும் எனக்குப் பிடிக்காது, கேட்டால் தருவேன்.

சாயம் போகுமா? உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டுமா?

அடர் சிவப்பு எதுவானாலும் முதல் இரண்டு மூன்று துவைப்பில் கொஞ்சம் விடும். தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உப்பு விஷயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. சாயத் தொட்டியில் நூலைப் போடும்போது உப்புச் சேர்ப்பது சாயம் நூலில் ஏறுவதற்காக. நெய்து முடித்துக் கைக்கு வந்த சேலையை உப்பில் ஊறவைத்தால் பெரிதாக எதுவும் ஆகாது. என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “சரிப்பா” என்று சொல்லிவிட்டு, ஒரு கை உப்பை அள்ளி வாளியில் போட்டார்.

பழைய அரக்குச் சேலை ஒன்று இருக்கிறது. அதே நிறத்தில் நெய்து தருவீர்களா?

தருவோம். சேலையை அனுப்ப வேண்டாம், தொலைந்தால் எங்களால் ஈடு கட்ட முடியாது. முந்தியின் உள்மடிப்பிலிருந்து, வெயில் படாத இடத்தில், இரண்டு விரற்கடை நீளத்துக்கு நாலு நூல் உருவி ஒரு கவரில் போட்டு அனுப்புங்கள். வெளியே தெரியும் நிறம் எத்தனையோ வருஷம் துவைத்த நிறம், உள்ளே இருப்பதுதான் நெய்த அன்றைய அரக்கு. எதைப் பார்த்து நெய்ய வேண்டும் என்பதை மட்டும் கவரின் மேல் எழுதிவிடுங்கள். அப்பத்தா வாங்கிய அன்றைக்கு இருந்த நிறமா, நீங்கள் அவர் மடியில் படுத்திருந்தபோது பார்த்த நிறமா?